ஒத்தை ஆள் பட்டாளம்

பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இன்றைய லாரிக்காரருக்கு அரை நிமிட வேலை. வெள்ளை டப்பா கண்ணுக்கு நேரே இருக்கும், டப்பாவில் கோடு இருக்கும். அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்35 லாரியில் கதையே வேறு. டிரைவரின் காலடியில் இருக்கும் தகட்டை முதலில் கழற்ற வேண்டும். கீழே அழுக்கேறிய மாஸ்டர் சிலிண்டர் தெரியும். சுற்றியிருக்கும் மண்ணைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மூடியைத் திருகி எடுத்து, டார்ச் அடித்தோ விரலை விட்டோதான் அளவு பார்க்க வேண்டும். துடைக்காமல் திறந்தால் மண் உள்ளே விழும், அது தனி வம்பு. பட்டாளத்தில் இதைப் பார்க்க ஓர் ஆள் இருந்தான். எப்போது பார்க்க வேண்டும் என்று அட்டவணை இருந்தது. பார்க்காதவனைக் காய்ச்சி எடுக்க சார்ஜன்ட் இருந்தார். வண்டி ஏலத்தில் போனபோது இவர்களில் ஒருவரும் கூடப் போகவில்லை.

எம்35 வகை லாரி அமெரிக்கப் படையில் சேர்ந்தது 1950-களின் தொடக்கத்தில். வடிவமைத்தது மிச்சிகன் மாநிலம் லான்சிங் நகரில் இருந்த ரியோ நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்காக ஜிஎம்சி ஐந்தரை லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய இரண்டரை டன் லாரியின் வாரிசு இது. முன்னும் பின்னும் சேர்த்து மூன்று ஆக்ஸில், மூன்றுக்கும் இன்ஜின் இழுவை. பத்து டயர். வெற்று வண்டியே ஏறக்குறைய 5,900 கிலோ. காட்டுப்பாதையில் இரண்டரை டன் ஏற்றலாம், நல்ல ரோட்டில் ஐந்து டன் வரை தாங்கும். ரியோவோடு நில்லாமல் ஸ்டூடிபேக்கர், கைசர் ஜீப், பிறகு ஏஎம் ஜெனரல் என்று கைமாறிக் கைமாறித் தயாரானது. வியட்நாமில் சரக்கு ஏற்றியது போதாதென்று, 1967-க்குப் பிறகு சில வண்டிகள் இரும்புத் தகடும் மெஷின் கன்னும் கட்டிக்கொண்டு கான்வாய்க்குக் காவலும் போயின.

இன்று இதை வைத்திருப்பவர்கள் பல ரகம். விறகும் மரமும் இழுக்கிற பண்ணைக்காரர், வேட்டைக்குப் போகிறவர், கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புக் குழு, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் கொடி கட்டி ஓட்ட ஆசைப்படும் முன்னாள் சிப்பாய். வாங்கிய மறுநாளிலிருந்து இவர்கள் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். டிரைவர், கிளீனர், பட்டறை, பார்ட்ஸ் கிடங்கு, மேலதிகாரி ஆகிய ஐந்து வேலைக்கும் வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்

ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கிய வண்டியை வாங்கும் ஆசை அமெரிக்காவில் பழையது. 1946-ல் போர் மிச்சங்களை விற்பதற்கென்றே 'வார் அசெட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற அரசு அமைப்பு உருவானது. அதன் பின்னாலேயே பிறந்தது, பெட்டியில் அடைத்த புத்தம் புது ஜீப் ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் என்ற வதந்தி. பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் பல ஆண்டுகள் இந்த விளம்பரம் வந்தது. நம்பிப் பணம் அனுப்பிய பையன்களின் கைக்கு வந்ததோ, அரசு ஏலத்தில் கலந்துகொள்வது எப்படி என்ற மெல்லிய கையேடு. அவர்களில் பெட்டிக்குள் ஜீப்பைப் பார்த்தவர் எவரும் இல்லை.

எம்35-களுக்கு ஏல காலம் வந்தது பிற்பாடு. ஆஸ்திரியாவின் ஸ்டெய்ர் லாரியை அடிப்படையாகக் கொண்ட புதிய எல்எம்டிவி லாரிகள் 1990-களில் படைக்கு வரத் தொடங்கின. பழசு அணியணியாக வெளியே வந்தது. விற்பனை நிபந்தனை சுருக்கமானது: வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படி. ஓடுமா என்று கேட்டால் பதில் கிடையாது. எஸ்எஃப்-97 என்ற அரசுப் படிவம் கைக்கு வந்தால்தான் பிறகு வண்டியைத் தன் பெயருக்குப் பதிவு செய்ய முடியும். அந்தப் பதிவு விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அனுபவசாலிகள் வண்டி வந்ததும் இன்ஜினை முடுக்கிப் பார்க்க அவசரப்பட மாட்டார்கள். டேங்கில் பல வருடத்து டீசல் அழுகிக் கிடக்கலாம். ஏர் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், ரேடியேட்டரில் துருக் குழம்பு இருக்கும். டயரில் கட்டை அப்படியே இருந்தாலும் பக்கச் சுவர் வெடித்திருக்கும், ஏனென்றால் பல வண்டிகள் ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் அதிகம். ஆயில், கூலன்ட், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுவதில்தான் வேலை தொடங்கும். இன்ஜின் ஆயிலே இருபது லிட்டரைத் தாண்டும் என்பதால் அதற்கே ஒரு நல்ல பீப்பாய் தேவை.

ஆறு சக்கரம், ஒரே பைப்

எம்35 ஓட்டுகிறவர்கள் நிஜமாகவே பயப்படுவது பிரேக்குக்குத்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் கிளம்பி 'ஏர் பேக்' என்ற உருளைக்குப் போகிறது. கம்ப்ரஸர் சேர்த்துவைத்த காற்று அங்கே அந்த அழுத்தத்தைப் பெருக்கி ஆறு சக்கரத்துக்கும் தள்ளுகிறது. ஆறு டன் இரும்பை ஒற்றைக் காலால் நிறுத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து ஆயில் பாதை ஒன்றே ஒன்று. கடைசி ஆக்ஸிலில் ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலும், நடுவில் ஒரு ஹோஸ் வெடித்தாலும், மொத்தமும் போச்சு. பெடல் தரையைத் தொடும். டாஷ்போர்டில் இருக்கும் காற்று மீட்டர் அப்போதும் எல்லாம் சுகம் என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் காற்று எங்கும் போகவில்லை, போனது ஆயில்.

கை பிரேக் இருக்கிறதே என்றால், அது சக்கரத்தில் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் சுழலும் ஒரே ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. நிறுத்தி வைத்த வண்டி நகராமல் இருக்க அது போதும். மலையிறக்கத்தில் சரக்கோடு வரும் வண்டியை அதை நம்பி இறக்க முடியாது.

தீர்வாக, பலர் இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி முன் சக்கரத்தையும் பின் சக்கரங்களையும் பிரித்துவிடுகிறார்கள். கலெக்டர் மனம் கொண்ட சிலருக்கு இது பிடிக்காது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் மதிப்பு என்பார்கள். அந்த வாதம் பெயின்டுக்குப் பொருந்தும், சீட்டுத் துணிக்குப் பொருந்தும். பொது ரோட்டில் அடுத்தவன் பிள்ளைகளுக்கு நடுவே ஓடும் வண்டியின் பிரேக்குக்கு அதே வாதத்தைச் சொல்வது பிடிவாதம். பழைய அமைப்பையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி, ஹோஸ், சிலிண்டர், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் ஒருமுறை மொத்தமாகப் புதுசாக்கிவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் காலடித் தகட்டைக் கழற்றிப் பார்ப்பது.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதிலும் பட்டாளத்து வரலாறு குறுக்கே வருகிறது. அமெரிக்கத் தரைப்படை 1980-களின் தொடக்கத்தில் சாதாரண பிரேக் ஆயிலை விட்டு ஊதா நிற சிலிகான் ஆயிலுக்கு மாறியது. வருடக்கணக்கில் கிடங்கில் நிற்கும் வண்டிக்கு அது ஏற்றது. காற்றின் ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டையும் அரிக்காது. ஆனால் கடையில் கிடைக்கும் வழக்கமான ஆயிலோடு சேராது. அவசரத்துக்கு அரை பாட்டில் ஊற்றினால் இரண்டும் தனித்தனியே நின்று ரப்பரைக் கெடுக்கும். ஈரத்தை உறிஞ்சாது என்பதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எப்படியோ உள்ளே நுழைந்த தண்ணீர் கரைய வழியில்லாமல் அடியில், அதாவது வீல் சிலிண்டரில் போய்த் தங்கி, அங்கே குழி குழியாகத் துருவேற்றும்.

அந்தச் சிலிண்டரைப் பார்ப்பதும் லேசில் முடியாது. பின் சக்கரம் என்றால் முதலில் வெளி டயர், அடுத்து உள் டயர். பிறகு ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவ வேண்டும். உள்ளங்கை அகல நட்டை, வளைத்துவிட்ட பூட்டுத் தகட்டை நிமிர்த்திக் கழற்ற வேண்டும். அதன் பின் ஹப்பும் டிரம்மும் சேர்ந்து ஒரே துண்டாக வெளியே வரும். தனி ஆள் கையால் தாங்கும் கனமில்லை. வந்ததோடு பேரிங் கண்ணில் படும். பட்ட பிறகு கிரீஸ் மாற்றாமல் மூட மனம் வராது. ஆயில் சீல் கசிந்து பிரேக் லைனிங் நனைந்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டும். பத்து டாலர் ரப்பருக்காகத் திறந்த சக்கரம் ஒரு சனி ஞாயிறை விழுங்கிவிடும். இன்னும் ஐந்து சக்கரம் பாக்கி.

எதைக் குடித்தாலும் ஓடும்

வண்டியின் புகழ் இன்ஜினால் வந்தது. எம்35ஏ2 மாடலில் இருப்பது கான்டினென்டல் நிறுவனம் வடிவமைத்த ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர் டர்போ இன்ஜின். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக்க வாங்கும் எண்ணெய், எது ஊற்றினாலும் ஓடும்படி செய்தது. வேறு கதியில்லாதபோது பெட்ரோலும் ஊற்றலாம். இத்தனைக்கும் மூலம் ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் சீக்ஃப்ரீட் மாய்ரர் என்ற பொறியாளர் 1950-களில் உருவாக்கிய எரிமுறை. பிஸ்டனின் தலையில் பணியாரச் சட்டியின் குழிபோல உருண்டையாக ஒரு பள்ளம் இருக்கும். நாசில் எரிபொருளைக் காற்றில் புகையாகத் தெளிக்காமல், பெரும்பகுதியை அந்தக் குழியின் சூடான சுவரில் படலமாகப் பூசுகிறது. படலம் ஆவியாக ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். எண்ணெயின் குணம் மாறினாலும் இன்ஜின் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இந்த மான் நிறுவனத்தின் லாரிதான் உரிமம் பெற்று ஜபல்பூரில் 'சக்திமான்' என்ற பெயரில் தயாராகி இந்திய ராணுவத்தில் பல பத்தாண்டுகள் ஓடியது.

'எதையும் குடிக்கும்' என்ற பெயர் வண்டிக்கு நல்லதும் செய்தது, கெடுதலும் செய்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தாண்டாத வண்டிக்கு இலவச எரிபொருள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சர்வீஸ் ஸ்டேஷனில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலையும் ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் டீசலோடு கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய. இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் நாசிலுக்குப் போகும் முன் எரிபொருள் மூன்று ஃபில்டரைத் தாண்ட வேண்டும். வடிகட்டாத எண்ணெயில் இருக்கும் கரியும் தண்ணீரும் அந்த மூன்றையும் அடைக்கும். அடைப்பைத் தாண்டிப் போகும் மிச்சம் இன்ஜெக்ஷன் பம்பைத் தேய்க்கும். பம்பில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பிளஞ்சர்தான். இலவசமாக ஓட்டிச் சேர்த்த பணம் முழுவதையும் ஒரே பம்ப் ரிப்பேர் வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஓட்டிப் பழகாதவர்களை வண்டி முதல் நாளே குழப்பும். சாவி கிடையாது. ஒரு சுவிட்சைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் இன்ஜின் பிடிக்கும். சுவிட்சை மூடினால் அணையாது. டாஷ்போர்டில் இருக்கும் தனிக் கைப்பிடியை இழுத்தால்தான் நிற்கும். ஹெட்லைட் போட மூன்று நெம்புகோல் கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஒன்றைப் பூட்டு விடுவிக்கும் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைத் திருப்ப வேண்டும். இருட்டில் எதிரிக்குப் பக்கத்தில் நிற்கும்போது கை தவறி விளக்கு எரிந்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும்போதும் அதே சடங்குதான். வைப்பரும் ஹாரனும்கூடக் காற்றில் இயங்குபவை. காற்று ஏறும்வரை மழையும் துடைக்காது, சத்தமும் வராது. அழுத்தம் குறைவாக இருக்கும்வரை பஸ்ஸர் அலறிக்கொண்டே இருக்கும், அலறல் நிற்காமல் கிளம்பக் கூடாது.

மின்சாரம் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கட்டியிருக்கும். ரேடியோ வைக்க ஆசைப்பட்டு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுப்பது புதியவர்கள் செய்யும் வேலை. ஒன்று வற்றும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், இரண்டும் சீக்கிரம் சாகும்.

படம் போட்ட பாடம்

இத்தனை வேலையையும் மெக்கானிக் படிப்பு இல்லாதவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? புத்தகம் பார்த்துத்தான். அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு வண்டிக்கும் கையேடுகளை அடுக்கடுக்காக எழுதியது. எண்ணின் கடைசியில் 10 என்று இருந்தால் டிரைவருக்கானது. 20 என்றால் பிரிவின் மெக்கானிக்குக்கு, 34 என்றால் அதற்கு மேலான பட்டறைகளுக்கு. எந்த நட்டை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதுவரை அதில் பிரித்திருக்கும். அரசு எழுதியவை என்பதால் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். மூன்று நிலைக்கும் உரியதை ஒரே ஆள் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படிக்கிறார்.

பத்தொன்பது வயதில் கட்டாயச் சேவைக்கு வந்து, லாரியையே கிட்டத்தில் பார்த்திராத பையனை மனதில் வைத்து எழுதிய நடை அது. அதையும் படிக்க மாட்டான் என்று தெரிந்துதான் 1951 ஜூனில் 'பிஎஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். பராமரிப்புக் குறிப்புகளைக் காமிக்ஸாகச் சொன்ன இதழ். வரைந்து நடத்தியவர் 'தி ஸ்பிரிட்' தொடரைப் படைத்த வில் ஐஸ்னர். போர்க்காலத்தில் 'ஆர்மி மோட்டார்ஸ்' இதழிலேயே 'ஜோ டோப்' என்ற அசட்டுச் சிப்பாயை உருவாக்கி, எதையெல்லாம் செய்யக் கூடாதோ அதையெல்லாம் அவனைச் செய்ய வைத்துச் சிரிக்க வைத்தவர். புதிய இதழோடும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தார். காமிக்ஸ் உலகம் அவர் பெயரில் விருது கொடுக்கிறது. கிரீஸ் எங்கே அடிப்பது என்று அவர் வரைந்த பக்கங்களைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு விருதைப் பற்றிக் கவலையில்லை.

பார்ட்ஸ் தேடுவதற்கும் பட்டாளத்து ஒழுங்கு கைகொடுக்கிறது. ஒவ்வொரு உதிரிக்கும் 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் இனத்தைச் சொல்லும்: 2530 என்றால் பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸில் வகை, 2910 என்றால் எரிபொருள் அமைப்பு. எண் தெரிந்தால் அதற்கு ஈடான கம்பெனி எண்ணைப் பிடித்துவிடலாம். பேரிங், பெல்ட், ஆயில் சீல் போன்றவை சாதாரண லாரிக் கடையிலேயே கிடைக்கும். இன்ஜெக்ஷன் பம்ப் உதிரியும் ஹெட் கேஸ்கட்டும் அப்படியில்லை. இன்ஜின் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது, பழைய கையிருப்பு கரைந்துகொண்டு வருகிறது. நமக்குக் கார் கம்பெனியாகத் தெரிந்த கியா நிறுவனம் இதே லாரியின் வம்சத்தில் கேஎம்250 என்ற வண்டியைத் தென்கொரியப் படைக்குச் செய்தது. அதன் இன்ஜின் வேறு என்பதால் பம்ப் தேடுகிறவருக்கு அதனால் பயனில்லை.

பறக்கும் ரிங்

டயர் விஷயத்தில் கையேடு குரலை உயர்த்திப் பேசும். நம் ஊர் பழைய லாரிகளைப் போலவே இதிலும் டியூப் வைத்த டயர், இரும்பு ரிங் போட்டு இறுக்கிய டிஸ்க். ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டு வேகத்தில் தெறிக்கும். அமெரிக்கப் பட்டறைகளில் இப்படிப் பலர் செத்த பிறகு, 1980-ல் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று தொழிலகப் பாதுகாப்பு விதி வந்தது. விதி முதலாளிகளைக் கட்டும், வீட்டு ஷெட்டில் தனியாக வேலை பார்ப்பவரைக் கட்டாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மற்ற வேலை எல்லாவற்றையும் தாங்களே பார்த்தாலும் டயரை மட்டும் லாரி டயர் கடைக்குக் கொண்டுபோகிறார்கள்.

கழற்றும்போதே ஒரு பொறி காத்திருக்கிறது. வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் தம் கட்டித் திருப்பினால் நட்டு இன்னும் இறுகும், இல்லை போல்ட் முறியும். பின்னால் இரட்டை டயர் என்பதால் வெளி நட்டுக்கு உள்ளே இன்னொரு நட்டு. வெளியே இருப்பதைக் கழற்றும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்து சுற்றி வந்துவிட்டால், உள் டயர் லூசாக நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரும் தீயும்

2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோது, சொந்தமாக ராணுவ லாரி வைத்திருந்தவர்கள் சிலர் தெருவில் இறக்கி மக்களை ஏற்றி வந்தார்கள். கூடுதல் சாதனம் எதுவும் இல்லாமலே எம்35 சுமார் 76 சென்டிமீட்டர் தண்ணீரில் போகும். போய் வந்த பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. ஹப்பில் தண்ணீர் புகுந்து கிரீஸ் கெட்டிருக்கும், கியர் ஆயில் மோர் நிறத்துக்கு வந்திருக்கும். ஆறு சக்கரத்தையும் மூன்று ஆக்ஸிலையும் திறந்து பார்க்காமல் விட்டால் பேரிங் அடுத்த கோடையில் கணக்குக் கேட்கும்.

தீயணைப்புக் குழுக்களின் கதை இன்னொரு விதம். வன சேவைத் துறை வழியாக மத்திய அரசின் உபரி வண்டிகள் கிராமப்புறக் குழுக்களுக்கு இரவலாகப் போகின்றன. முதுகில் தண்ணீர்த் தொட்டி ஏற்றிக் காட்டுத்தீக்கு அனுப்புகிறார்கள். கணக்கில்தான் தப்பு நடக்கிறது. அமெரிக்க டன்னில் இரண்டரை டன் என்பது 2,268 கிலோ. அதாவது 2,268 லிட்டர் தண்ணீரிலேயே காட்டுப்பாதைக்கான சுமை முடிந்தது. தொட்டி இரும்பு, பம்ப், ஹோஸ், ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைபாய்ந்தால் உயரமான வண்டி வளைவில் ஒருபக்கம் சாயப் பார்க்கும். பிரேக்கோ அதே ஒற்றைப் பைப்.

ஊர்வலத்துக்கு மட்டும் எடுக்கிறவர்கள் இந்தச் சுமையெல்லாம் ஏற்றுவதில்லை. ஆனால் அவர்களிலும் நெடுந்தூரம் போகிறவர்கள் உண்டு. 1919-ல் அமெரிக்கத் தரைப்படை வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு லாரி அணி ஒன்றை அனுப்பியது. பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர் அதில் பார்வையாளராகப் போன இளம் அதிகாரி. பாலம் உடைந்தும் சேற்றில் புதைந்தும் 62 நாள் ஆனது. 1976-ல் தொடங்கிய ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கத்தினர் 2009-ல் அதே தடத்தில் தங்கள் சொந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது ஏலத்துக்கு வந்துகொண்டிருப்பவை எம்35-ஐ விரட்டிய எல்எம்டிவி லாரிகள். பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர், முழுக்க முழுக்க ஏர் பிரேக் என்று ஓட்டுவதற்குச் சொர்க்கம். பழைய எம்35-ஐ விற்றுவிட்டு இதற்கு மாறியவர்கள் முதல் மாதம் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் கியர் விழாது. அடியில் படுத்துப் பார்த்தால் கசிவு இல்லை, உடைவு இல்லை. கியர் பாக்ஸை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நிற்கும். அதற்கும் ராணுவம் கையேடு எழுதியிருக்கிறது. முதல் பக்கத்திலேயே கேட்பது ஸ்பேனரை இல்லை, ஒரு கேபிளையும் மென்பொருளையும்.